கோடைக் காய்க்குத் தையிலேயே பணம்... பங்குப் பண்ணையில் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் காய்கறிக் கடையில் நம் புலம்பலும் தொடங்கிவிடும். பீன்ஸ் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கேரட் வாடிக் கிடக்கும். 'இந்த வெயில்ல எந்தக் காய்தாங்க நல்லாயிருக்கு?' என்று கேட்டபடியே உருளைக்கிழங்குப் பக்கம் நகர்ந்துவிடுவோம். ஆனால், அதே வெயிலில்தான் வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கன், பாகல், வெள்ளரி, பூசணி என்று ஒரு பெரிய கூட்டமே நம்ம ஊர் மண்ணில் காய்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் வெயிலுக்குப் பழகிய காய்கள்.

இந்தக் காய்களை, பயிரிடுகிறவரிடமே சீஸனுக்கு முன்னால் பணம் கட்டி, வாரம் ஒரு கூடையாக வாங்கிக்கொள்ளும் முறைக்கு 'சமூக ஆதரவு வேளாண்மை' என்று பெயர். நாம் சுருக்கமாக 'பங்குப் பண்ணை' என்று வைத்துக்கொள்வோம். ஆர்கானிக் காய் டோர் டெலிவரி தானே என்று நினைத்துச் சேர்ந்தால் ரெண்டே வாரத்தில் ஏமாற்றமாகிவிடும். இது வேற. எப்படி வேற என்பதில்தான் இதன் அருமையும் சங்கடமும் இருக்கின்றன.

பங்குப் பண்ணைன்னா என்ன?

ஒரு சிறு பண்ணை. அதைச் சுற்றி 30, 40 குடும்பங்கள். சீஸன் தொடங்கும் முன்பே விதை, உரம், ஆள் கூலி, மோட்டார், பந்தல் கம்பி, விவசாயியின் குடும்பத்துக்கான வருமானம் எல்லாவற்றையும் சேர்த்து மொத்தச் செலவைக் கணக்கிடுகிறார்கள். அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பங்கு. விளைந்ததையும் அதே போல வகுத்தால் ஒரு கூடை.

கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் உதாரணம். 12 வாரக் கோடை சீஸனுக்கு மொத்தச் செலவு 2,40,000 ரூபாய், 40 குடும்பங்கள் என்றால் ஒரு பங்கு 6,000 ரூபாய். வாரத்துக்கு 500 ரூபாய். நல்ல வாரத்தில் 7 கிலோ வரலாம். மோசமான வாரத்தில் 2 கிலோதான் வரும். ரெண்டுக்கும் அதே 500 ரூபாய்தான். கடையில் வாங்கும்போது நாம் காய்க்குக் காசு கொடுக்கிறோம். இங்கே பண்ணை நடப்பதற்குக் காசு கொடுக்கிறோம்.

இந்த யோசனை உலகின் பல இடங்களில் தனித்தனியாக முளைத்தது. ஜப்பானில் 1970-களில் பூச்சிமருந்தையும் ரசாயனக் கழிவையும் கண்டு பயந்த குடும்பங்கள், விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டன. 'தெய்கெய்' என்று அதற்குப் பெயர். 1971-ல் தொடங்கப்பட்ட ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் அதற்கான 10 விதிகளை 1978-ல் வகுத்தது. அமெரிக்காவில் 1986-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் இதைத் தொடங்கிவைத்தன. நம் பக்கத்திலும் ஆரோவில் போன்ற இடங்களில் வாராந்திரக் கூடை முறை இருக்கிறது. நகரங்களை ஒட்டிய சிறு இயற்கைப் பண்ணைகள் சில, வாட்ஸ்அப் குரூப் மூலம் இதை நடத்துகின்றன.

'உழவர் சந்தைதான் இருக்கே?' என்று தோன்றலாம். 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இடைத்தரகரை விலக்கியது. அது பெரிய விஷயம். ஆனால் சந்தைக்கு வந்த காய் விற்காவிட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான். வயலில் காயே விளையாவிட்டாலும் அவருக்குத்தான். பங்குப் பண்ணை அந்த நஷ்டத்தையும் 40 வீட்டுக்குப் பிரித்துக்கொடுக்கிறது.

கோடைக் காயின் காலண்டர்

மே மாதம் நம் தட்டுக்கு வரும் காய், தை, மாசியிலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நமக்குத் தெரியும். கோடைக் கூடைக்குத் தைப்பட்டமும் மாசிப்பட்டமும்தான் ஆதாரம்.

நாள் கணக்கு தோராயமாக இப்படி இருக்கும்:

* அரைக்கீரை, சிறுகீரை: விதைத்த 25 முதல் 30 நாளில்.
* வெண்டை: சுமார் 45 நாளில் முதல் பறிப்பு.
* வெள்ளரி: 45 முதல் 50 நாள்.
* கொத்தவரை: 45 முதல் 60 நாள்.
* பாகல், பீர்க்கன்: 55 முதல் 70 நாள்.
* புடலை: ரகத்தைப் பொறுத்து 80 நாள் வரை.
* கத்தரி: நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு ரெண்டு மாதம்.
* வெள்ளைப்பூசணி: 90 நாளுக்கு மேல்.

ஆக, முதல் கூடை கீரையும் வெள்ளரியுமாக லேசாகத்தான் வரும். ஐந்தாறு வாரம் போன பிறகுதான் கூடை கனக்கும். ஒரே நாளில் எல்லா வெண்டையையும் விதைத்தால் எல்லாம் ஒன்றாகக் காய்த்து ஒன்றாக ஓயும். அதனால் விவரம் தெரிந்த பண்ணைகளில் 15 நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பார்கள்.

தண்ணீர்தான் எல்லாம்

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க 4,000 லிட்டருக்கு மேல் வேண்டும். உச்சிக் கோடையில் மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் வரை ஆவியாக்கிவிடுவது சகஜம். அதாவது 20,000 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 10,000 லிட்டர் தண்ணீர் லாரி ரெண்டு, தினமும்! கிணறோ போர்வெல்லோ கீழே இறங்கும் அதே மாதத்தில் இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

இதனால்தான் கோடைப் பண்ணையில் பாதி வேலை, தண்ணீரைக் காப்பாற்றும் வேலை. சொட்டு நீர்க் குழாய் போட்டு வேருக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள். வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை என்று கிடைத்ததை மண் மேல் மூடாக்காகப் போடுவார்கள். மூடாக்கை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள். வெளியே மண் சுடும். உள்ளே ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். காய் பறிப்பது விடிகாலையில். வெயில் ஏறிய பிறகு பறித்த காய் சீக்கிரம் வாடிவிடும்.

விவசாயி உங்களிடம் முன்பணம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'இந்தக் கோடையில் பயிர் வைக்கலாமா, நிலத்தைச் சும்மா போட்டுடலாமா?' என்று அவர் முடிவெடுக்கும் நேரம் தை மாதம். கடன் வாங்கிக் குழாய் போட்டு, கடைசியில் தண்ணீர் வற்றினால் கடன் மட்டும்தான் மிஞ்சும். முன்கூட்டி வரும் 40 பங்குப் பணம், அந்த முடிவைத் தைரியமாக எடுக்க வைக்கிறது.

கூடையில் வரும் காய்கள்... வயலில் எப்படி?

வெண்டை: வெயில் ஏற ஏற உற்சாகமாகும் செடி. ஒன்றரை அடிக்கு ஓர் அடி இடைவெளியில் விதைப்பார்கள். பூ விரிந்த ஒரே வாரத்துக்குள் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். செடியும் 'விதை வந்தாச்சு, வேலை முடிஞ்சது' என்பது போல அடுத்த காய்களைக் குறைத்துக்கொள்ளும். வெண்டையின் பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. வந்த செடியைக் குணப்படுத்த முடியாது. பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான்.

கத்தரி: கொழுந்து தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். தண்டு, காய் ரெண்டையும் துளைக்கும் அந்தப் புழுவை மருந்தடிக்காமல் சமாளிக்க, தொங்கிய கொழுந்தைக் கிள்ளி அழிப்பதுதான் தினசரி வேலை. வேப்பங்கொட்டைக் கரைசலும் கைகொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி மாலையில் தெளிப்பார்கள். இவ்வளவு செய்தும் ஒன்றிரண்டு சொத்தைக் கத்தரி உங்கள் கூடைக்கு வரும். அந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

கொத்தவரை: கோடையின் நம்பிக்கை நட்சத்திரம். ஆழமாக வேர் விடுவதால் கொஞ்சம் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பயறு வகைச் செடி என்பதால், அடுத்து வரும் பயிருக்கும் லாபம்.

பந்தல் காய்கள்: புடலை, பீர்க்கன், பாகல், சுரை நாலும் பந்தலில் ஏறுபவை. ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீயோ அந்துப்பூச்சியோ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய். பாகல் காலையில் பூக்கும். பீர்க்கன், சுரை, புடலை மூன்றும் மாலையில்தான் இதழ் விரிக்கும். பண்ணைக்குப் போனால் பொழுது சாயும்வரை இருந்து பாருங்கள். பச்சைப் பந்தல் முழுக்க மஞ்சள் பீர்க்கம்பூ விரிவதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். புடலங்காயின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். காய் சுருளாமல் நேராக வளர்வதற்கான பழைய டெக்னிக் அது.

வெள்ளரி: தண்ணீர் சீராகக் கிடைக்காமல் செடி தவித்தால் காய் கசக்கும். கூடையில் கசப்பு வெள்ளரி வந்தால் அந்த வாரம் மோட்டார் ஓடவில்லையோ என்று யோசிக்கலாம்.

பூசணி, பரங்கி: தரையில் படர்ந்து மண்ணை மூடிக்கொள்பவை. முற்றிய பூசணியை வெட்டாமல் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கூடை காலியாக வரும் வாரத்துக்கு இதுதான் சேமிப்பு.

'தக்காளி ஏன் வரலை?' என்பது மே மாதத்தில் எல்லாப் பங்கு குரூப்பிலும் கேட்கப்படக்கூடிய கேள்வி. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூ காயாகாமல் உதிரும். விவசாயி ஒளித்துவைக்கவில்லை. வெயில் தரவில்லை. அதுவரைக்கும் புளியும் மாங்காயும் இருக்கவே இருக்கு.

கூடை வீட்டுக்கு வந்ததும்...

பங்குப் பண்ணையில் பலர் தடுமாறும் இடம் வயல் இல்லை, கிச்சன்தான். மெனுவை முடிவு செய்துவிட்டுக் காய் வாங்கியே நமக்குப் பழக்கம். இங்கே காய் வந்த பிறகுதான் மெனு. கொஞ்சம் திட்டமிட்டால் சுலபம்.

முதல் ரெண்டு நாளில் கீரை, வெள்ளரி, பீர்க்கன். இவை காத்திருக்காது. அடுத்த ரெண்டு நாளில் வெண்டை, கத்தரி, பாகல். கொத்தவரையும் புடலையும் அதற்குப் பிறகு. பூசணி கடைசியில். வெண்டையைக் கழுவாமல், ஈரம் இல்லாமல் துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கவும். சமைக்கும்போது கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு நறுக்கவும். வதக்கும்போது கொஞ்சம் புளித்தண்ணீரோ மோரோ தெளித்தால் வழவழப்பு போய்விடும்.

எதையும் வீணாக்காமல் சமைக்க நம்ம பாட்டிகளிடம் ஏற்கெனவே வழி இருக்கு. பீர்க்கங்காய் உள்பகுதி கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. புடலங்காயின் உள்ளே இருக்கும் இளம் விதையும் சோற்றுப்பகுதியும் சட்னிக்கு. தண்டுக்கீரையில் இலை மசியலுக்கு, தண்டு சாம்பாருக்கு. கொத்தவரங்காயில் பருப்பு உசிலி. வெள்ளைப்பூசணியில் மோர்க்குழம்பு. பரங்கியில் புளிக்கறி.

ஒரு எச்சரிக்கை. சுரைக்காயை நறுக்கியதும் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு மொத்தக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு, 'குகுர்பிட்டசின்' என்ற நச்சுப்பொருளால் வருவது. சமைத்தாலும் போகாது. கசக்கும் சுரைக்காய் ஜூஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். 'காசு கொடுத்து வாங்கினது' என்று பார்க்க வேண்டாம்.

ஒரே வாரத்தில் 3 கிலோ கொத்தவரை வந்து குவிந்தால்? வெயிலையே வேலை வாங்குங்கள். உப்பு போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, மொட்டைமாடியில் மூணு நாலு நாள் மொறுமொறுவென்று காயவைத்தால் வத்தல் ரெடி. புளித்த மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் மோர் வத்தல். பாகல், வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் வத்தலாக்கலாம். கார்த்திகை மழையில் வத்தக்குழம்பு வைக்கும்போது மே மாத வெயிலுக்கு நன்றி சொல்வீங்க.

காய் வராத வாரம்

இதுதான் பங்குப் பண்ணையின் பரீட்சை. கோடை மழை சூறைக்காற்றோடு வந்து பந்தலைச் சாய்த்துவிடலாம். தேமல் நோய் வெண்டைப் பாத்தியையே காலி செய்யலாம். மோட்டார் எரிந்து நாலு நாள் தண்ணீர் இல்லாமல் போகலாம். அந்த வாரக் கூடையில் ஒரு கட்டுக் கீரையும் அரைக் கிலோ கொத்தவரையும்தான் இருக்கும்.

அப்போது மனசுக்குள் 'கடையிலேயே வாங்கியிருக்கலாமோ?' என்று ஓடுவது இயல்பு. ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் கடையில் வாங்கினாலும் பந்தல் சாயத்தான் செய்யும். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முழு நஷ்டமும் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். பங்கில் அது 40 வீட்டில் ஒருவேளைப் பொரியலாகச் சுருங்கிவிடுகிறது.

இதில் விவசாயிக்கும் கடமை உண்டு. என்ன நடந்தது என்று அதே வாரம் சொல்ல வேண்டும். சாய்ந்த பந்தலை போட்டோ எடுத்து அனுப்பலாம், வந்து பார்க்கச் சொல்லலாம். வெளி மார்க்கெட்டில் வாங்கிய காயைத் தன் காய் என்று கூடையில் போடக் கூடாது. வாங்கித்தான் போடுகிறார் என்றால் அதைச் சொல்லிவிட வேண்டும். விளைச்சல் குறைந்ததை மன்னிக்கலாம். மறைத்தால் நம்பிக்கையே போய்விடும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. தண்ணீர் எங்கிருந்து? கிணறா, போர்வெல்லா? போன மே மாதம் கடைசிவரை தண்ணீர் இருந்ததா?

2. என்னென்ன காய், எந்த வாரத்திலிருந்து? விதைப்புத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

3. மொத்தச் செலவு எவ்வளவு, எத்தனை பங்கு? வேலை செய்பவர்களுக்கு என்ன கூலி? மலிவான பங்கு என்றால் யாருடைய வயிற்றிலோ அடித்திருக்கலாம்.

4. விளைச்சல் முழுசாகப் போனால் என்ன ஏற்பாடு? அடுத்த சீஸனில் ஈடு செய்வார்களா? பேசியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

5. இயற்கை முறை என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? அக்கம்பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் பண்ணையை மற்றவர் சோதிக்கும் 'பி.ஜி.எஸ்' சான்று முறை இருக்கிறது. சான்று இல்லாவிட்டாலும், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.

6. ஊருக்குப் போனால் கூடை என்னாகும்? லீவில் ஊருக்குப் போகும் மாதம் இது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லலாமா?

7. கூடை எங்கே கிடைக்கும்? வீட்டுக்கு வருமா, நாம் போய் எடுக்க வேண்டுமா?

ரெண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு என்றால் முழுப் பங்கு வேண்டாம். இன்னொரு வீட்டோடு சேர்ந்து பாதிப் பங்கு எடுங்கள். தினமும் சமைக்காத வீட்டுக்கு இது சரிப்படாது. வாடிய காயைக் குப்பையில் போடும்போது வரும் குற்ற உணர்ச்சி, பணத்தைவிடப் பெரிய செலவு.

பண்ணைக்கு ஒரு நாள்

சீஸனில் ஒரு தடவையாவது பண்ணைக்குப் போய் வாருங்கள், முடிந்தால் குழந்தைகளோடு. காலை ஆறு மணிக்குள் அங்கே இருந்தால் பறிப்பில் சேர்ந்துகொள்ளலாம். முழுக்கைச் சட்டை அவசியம். வெண்டைச் செடியின் சுணை, வெறும் கையில் பட்டால் அரிப்பெடுக்கும். காம்போடு சேர்த்துக் காயைக் கிள்ளவோ கத்தரிக்கவோ வேண்டும், பிடித்து இழுத்தால் செடியே வந்துவிடும். ஒரு பாத்தி பறித்து நிமிரும்போது இடுப்பு சொல்லும், ஒரு கிலோ வெண்டைக்கு என்ன விலை நியாயம் என்று.

பறித்த கையோடு ஒரு வெள்ளரிப் பிஞ்சைத் துடைத்துக் கடித்துப் பாருங்கள். அந்த ருசிக்கு ஃபிரிட்ஜில் நாலு நாள் இருந்த வெள்ளரி பக்கத்தில் நிற்க முடியாது.

இந்தக் கோடைக்கான பங்குகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். பரவாயில்லை, இப்போதே பக்கத்துப் பண்ணைகளை விசாரித்து ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடைக் கூடைக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம், பொங்கல் முடிந்த கையோடு வந்துவிடும். விதை வாங்கும் முன் அந்தப் பணம் பண்ணைக்குப் போய்ச் சேர வேண்டும்.